வெள்ளிக்கிழமை மைசூர்பா

உக்காருங்க சார், உக்காருங்க. ஜன்னலோரம் நீங்களே எடுத்துக்குங்க. உங்க டிக்கெட்லயும் பதினொண்ணு, என் டிக்கெட்லயும் பதினொண்ணு. இதுக்குப் போய் காலங்காத்தால காந்திபுரத்துல நின்னு நாம ரெண்டு பேரும் மல்லுக்கட்டணுமா? நல்லவேளை, பன்னெண்டாம் நம்பர்க்காரர் வரல. வந்திருந்தா நம்மள்ல ஒருத்தர் டிரைவர் பக்கத்துல இன்ஜின் பெட்டி மேல உக்காந்து வெந்துட்டே போகணும். கண்டக்டர் சொன்னதைக் கேட்டீங்களா? "இந்த ஆப்பு வந்ததுலருந்து தெனமும் இதே ரோதனைண்ணே, இதைப் பண்ணுனவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."ன்னு பல்லைக் கடிச்சான். நான் வாயே தெறக்கல. எதுக்குங்க வம்பு.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அதைப் பண்ணுனவன் நான்தான்.

அட, நானே உக்காந்து பண்ணுவேனுங்களா? அதுக்குப் பசங்க இருக்காங்க. நான் அவங்களுக்குத் தலைவன். "ஏறுங்க"ன்னு அந்த ஆப்புக்குப் பேரு. போன்லயே பஸ் டிக்கெட் போடறது. கோயமுத்தூர் கம்பெனிதான். அதுல டெக்னாலஜி மொத்தமும் என் பொறுப்பு. பேரு தண்டபாணி. ஆபீஸ்ல டி.பி.ன்னு கூப்பிடுவாங்க. நேத்து சேந்த பையன்கூட டி.பி.ன்னுதான் கூப்பிடணும், சார் போடக்கூடாதுன்னு சட்டமே போட்டிருக்கேன். தலைவனுக்கும் தொண்டனுக்கும் நடுவுல என்னங்க சார், மோர்?

கார் இல்லையான்னுதானே பாக்கறீங்க? இருக்குங்க, நல்ல காரே இருக்கு. ஆனா நான் போற வீடு சின்ன வீடு, சின்னத் தெரு. கோவில்பட்டி. அங்க போய் அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்தினா அவங்க மெரண்டுடுவாங்க. தலைவன்னா எளிமையா போகணும். அதான் பஸ்ஸு. பஸ்ல ஏறினா நம்ம ஆப்பே நம்மளைக் காட்டிக் குடுக்குது.

இந்தாங்க, மைசூர்பா. எடுத்துக்குங்க. அங்க குடுக்கறதுக்கு ரெண்டு டப்பா வாங்கினேன், ஒண்ணைப் பிரிச்சா தப்பில்ல. கூச்சப்படாதீங்க சார். என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க? இருங்க, இதைச் சொல்லி முடிச்சிடறேன், இல்லாட்டி கோர்வை விட்டுப் போயிடும்.

வர்ற திங்கக்கெழமை எங்க கம்பெனியில போர்டு மீட்டிங். என் தலையெழுத்து அன்னிக்குத்தான். ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறாங்க. "ஒரே சீட்டு ரெண்டு பேருக்குப் போற கோளாறு இருக்குன்னு தண்டபாணிக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா?" தெரியும்னா, தெரிஞ்சும் தொறந்துவிட்டான்னு ஆயிடும், உத்தியோகம் போச்சு. இந்த வயசுல இன்னொரு எடத்துல போய் நிக்க முடியுங்களா? தெரியாதுன்னா பொழச்சேன். அதைச் சொல்ல வேண்டியவ ஒரே ஒரு பொண்ணு. செண்பகவல்லி. கோவில்பட்டி அம்மன் பேரு. செண்பான்னு கூப்பிடுவோம். ஆப்பைச் சோதிச்சுப் பாக்கற டீமுக்கு அவதான் தலைவி. தீபாவளி முடிஞ்சதும் வேலையை விட்டுட்டுப் போயிட்டா. சேர்மன் அவ சொல்றதைத்தான் நம்புவார். அவ வாயால "சாருக்குத் தெரியாது"ன்னு ஒரு வார்த்தை வரணும். அதைக் கேக்கத்தான் போயிட்டிருக்கேன்.

பொய் சொல்லச் சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. நீங்களே கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

எனக்குச் சொந்த ஊர் கோபிப் பக்கம். இன்ஜினீயரிங் முடிச்சுட்டு மெட்ராஸ்ல மொத வேலை. பேங்க்குக்கு எழுதற புரோகிராம். அங்க ஒரு மேனேஜர் இருந்தான். இருந்தார்னு சொல்ல எனக்கு இன்னிக்கும் மனசு வரல. இந்தப் புரோகிராம் வருஷக் கடைசியில படுத்துக்கும்னு நான் கண்டுபிடிச்சுச் சொன்னேன். தலையை ஆட்டிக்கிட்டே டீயைக் குடிச்சான். "நல்ல ஆர்வம்பா உனக்கு"ன்னான். அவ்வளவுதான். வருஷக் கடைசி வந்துச்சு, படுத்துச்சு. பழியைத் தூக்கி என் தலையில போட்டான். அன்னிக்கு மவுண்ட் ரோட்டுல நடந்து போறப்ப அழுதுட்டேன் சார், நெசமாவே அழுதுட்டேன். நான் மேல வந்தா கீழ இருக்கறவன் சொல்றதைக் காது குடுத்துக் கேப்பேன்னு அன்னிக்கு எடுத்த சபதம்.

அந்தச் சபதத்துலதான் வளந்தேன். அமெரிக்கா போனேன், படிப்படியா ஏறினேன். தலைமைப் பண்புன்னு வந்த அத்தனை புஸ்தகத்தையும் படிச்சேன். அப்புறம் நம்ம சேர்மன் கூப்பிட்டார். அவர் நூல் மில் வெச்சிருந்தவர். கம்ப்யூட்டர்ல அவருக்கு ஆனா ஆவன்னா தெரியாது, ஆனா ஆளை எடை போடறதுல மன்னன்னு ஊர்ல பேரு. என்னை அரை மணி நேரத்துல எடை போட்டு எடுத்துட்டார்.

வந்த மொத நாள் நான் என்ன பண்ணினேன் தெரியுங்களா? தச்சரைக் கூப்பிட்டு என் ரூம் கதவைக் கழட்டிட்டேன். யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் வரலாம். வெளிய நூறு பேர் உக்காந்திருக்காங்க, நான் தும்மினாக்கூட அங்க கேக்கும். அவ்வளவு தெறந்த மனசு. சொன்னா நம்ப மாட்டீங்க, மொத ஆறு மாசம் ஒருத்தர்கூட குறைன்னு உள்ள வரல. அவ்வளவு திருப்தி பசங்களுக்கு! எச்.ஆர். பொண்ணு மட்டும் வந்து, "டி.பி., தனியாப் பேசணும்னா எங்க போறதுன்னு கேக்கறாங்க"ன்னா. தனியாப் பேச என்னம்மா இருக்கு, இது குடும்பம்னேன்.

அடுத்துப் பண்ணினதுதான் பெரிய விஷயம். தப்புத் திருவிழா. சிரிக்காதீங்க, பேரே அதுதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் ஹாலுக்கு வந்துடணும். யார் யார் என்ன தப்புப் பண்ணினாங்களோ, என்ன தப்பைக் கண்டுபிடிச்சாங்களோ, எந்திரிச்சுச் சொல்லணும். திட்டக்கூடாது. கை தட்டணும். சொன்னவங்களுக்கு என் கையால ஒரு மைசூர்பா. நெய் சொட்டும், சாதாரணக் கடையில வாங்கறதில்ல. இதுல ஒரே ஒரு கட்டுப்பாடு. மத்த நாள்ல நெகட்டிவ் பேச்சு கூடாது. இருக்கறதை எல்லாம் வெள்ளிக்கிழமைக்குச் சேத்து வெச்சுக்கணும். அப்பத்தானே எல்லாரும் கத்துக்க முடியும்?

என்ன வரவேற்பு தெரியுங்களா! "டி.பி., நான் காபி மெஷினை அணைக்காமப் போயிட்டேன்." கை தட்டு. "டி.பி., மெயில்ல வணக்கம் போட மறந்துட்டேன்." கை தட்டு. ஒரு பையன் எந்திரிச்சான், "வேலையில மூழ்கிப்போய் வீட்டுக்குப் போகவே மறந்துட்டேன், இது என் தப்பு"ன்னான். எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. அவனுக்கு ரெண்டு மைசூர்பா. இப்ப அவன் மேனேஜர்.

ஒரு வருஷம் இப்படி நடந்துச்சு. பெரிய தப்புன்னு ஒண்ணுகூட வரல. தப்பே நடக்காத கம்பெனியா மாத்திட்டேன் பாருங்க. காலேஜ் காலேஜா என்னைப் பேசக் கூப்பிட்டாங்க.

செண்பா மட்டும்தான் அதுல ஒட்ட மாட்டா. கடைசி வரிசையில கையைக் கட்டிட்டு உக்காந்திருப்பா. என்னை டி.பி.ன்னும் கூப்பிட மாட்டா, சார்தான். வேலையில சூரப்புலி, அதை நான் மறைக்கல. கேம்பஸ்ல பாத்துப் பொறுக்கி எடுத்து, டீம் தலைவியா ஆக்கினவனே நான்தான். ஆனா, எல்லாரும் தப்பை ஒத்துக்கறப்ப நீ மட்டும் ஒரு தப்பும் சொல்ல மாட்டேங்கறியேம்மான்னு கேட்டேன். "பண்ணினா சொல்றேன் சார்"ன்னுட்டா. திமிர்னு எச்.ஆர்.ல எழுதி வெச்சாங்க. நான் எழுதச் சொல்லல.

தாராபுரம் தாண்டிட்டோமா? இந்த ரோட்டுல காத்து நல்லா வருது. இன்னொரு துண்டு எடுத்துக்குங்க சார். அட, மொதத் துண்டையே கையில வெச்சுட்டு உக்காந்திருக்கீங்க? என்னங்க... சுகரா? ஐயோ, அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல! சொன்னாத்தானே சார் தெரியும்? சரி, காகிதத்துல மடிச்சு வெச்சுக்குங்க, வீட்ல யாராவது சாப்பிடுவாங்க.

விஷயத்துக்கு வர்றேன். தீபாவளிக்கு ஊருக்குப் போற கூட்டத்துக்குப் புது ஆப்பைத் தொறக்கறதா ஏற்பாடு. தமிழ்நாடு பூரா பஸ் முதலாளிங்க நம்மகூடச் சேந்துட்டாங்க. தேதி குறிச்சு நானே மேடையில அறிவிச்சுட்டேன். அதுக்கு மூணு வாரம் முன்னாடி, ஒரு செவ்வாக்கெழமை, செண்பா வந்து நிக்கறா.

அவ சொன்னது இதுதான். ஒருத்தர் சீட்டை எடுத்துப் பணம் கட்டிட்டிருக்கும்போது ஆப்பு அந்த சீட்டைப் பூட்டி வெச்சிருக்கும், இன்னொருத்தர் எடுக்க முடியாது. ஆனா கூட்டம் அதிகமாயி பேங்க் மெதுவாயிட்டா, பணம் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பூட்டு தானாத் தொறந்துக்குது. இன்னொருத்தர் உள்ள பூந்துடறார். ரெண்டு பேர் பணமும் போகுது, ரெண்டு பேருக்கும் டிக்கெட் வருது. "சார், சாதாரண நாள்ல அங்கொண்ணு இங்கொண்ணுதான் ஆகும். தீபாவளிக் கூட்டத்துல ஆயிரக்கணக்குல ஆயிரும்"ன்னா.

நான் கேட்டேனுங்க. காது குடுத்துக் கேட்டேன். கேட்டுட்டு என்ன சொன்னேன்? "அருமைம்மா! இதைத்தான் இத்தனை நாளா உன்கிட்ட எதிர்பாத்தேன். இதை வெள்ளிக்கிழமைக்கு வெச்சுக்க, எல்லாரும் கேக்கட்டும்"ன்னேன். "அதுவரைக்கும் எதுக்குங்க சார், இன்னிக்கே ஆளைப் போட்டா..."ன்னு இழுத்தா. முறைன்னு ஒண்ணு இருக்குல்லன்னு அனுப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை எந்திரிச்சுச் சொன்னா. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஒரு வருஷமா வாயே தெறக்காத பொண்ணு, அத்தனை பேர் முன்னாடி இவ்வளவு பெரிய தப்பைப் போட்டு ஒடைக்கறா! நான் எந்திரிச்சு அவ தைரியத்தைப் பத்தியே பேசினேன். மெட்ராஸ் மேனேஜர் கதையைச் சொன்னேன். மவுண்ட் ரோட்டுல அழுததைச் சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. மைசூர்பா குடுத்தேன், போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோவை "பேசவிடுங்கள், வளருவார்கள்"னு எழுதி இன்டர்நெட்ல போட்டேன். எத்தனை பேர் பாராட்டினாங்க தெரியுங்களா? சிங்கப்பூர்ல இருந்தெல்லாம் ஆளுங்க எழுதினாங்க.

திங்கக்கெழமை மறுபடியும் வந்து நிக்கறா. "சார், அந்தப் பூட்டு விஷயம். யாரைப் போடறீங்க?"ன்னு. எனக்குப் புரியல. அதைத்தான் வெள்ளிக்கிழமையே பேசி முடிச்சாச்சே? கை தட்டியாச்சு, ஸ்வீட்டும் குடுத்தாச்சு. அதுக்கு மேல ஒரு தலைவன் என்னங்க பண்ண முடியும்? "ஏம்மா, முடிஞ்ச விஷயத்தையே எத்தனை தடவை கிண்டுவே?"ன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தா. அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கல.

தொறக்கறதுக்கு மொத நாள் கடைசியா ஒரு தடவை வந்தா. "சார், படிக்கட்டுப் பக்கம் வர்றீங்களா, தனியா ரெண்டு வார்த்தை சொல்லணும்"ன்னா. கதவே இல்லாத ரூம் வெச்சிருக்கறவன்கிட்ட வந்து தனியாங்கறா! இங்கயே சொல்லுன்னேன். சொன்னா. "சார், நாளைக்குத் தொறக்காதீங்க. பத்து நாள் தள்ளுங்க. இப்பத் தொறந்தா அசிங்கமாப் போயிரும். பிள்ளகுட்டியோட வர்ற சனம் பஸ் ஸ்டாண்டுல நிக்கும்." வெளிய அத்தனை பேரும் டைப் அடிக்கறதை நிறுத்திட்டுக் கேக்கறாங்க. அத்தனை பேர் முன்னாடி நான் பின்வாங்கினா என்ன ஆகும்? தலைவன் தயங்கினா படை என்ன ஆகும்? "இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லம்மா"ன்னேன். வெளிய நாலு பேர் சிரிச்சாங்க. தமாஷாத்தான் சொன்னேன். அவ சிரிக்கல.

இப்பச் சொல்லுங்க. அவ சொன்ன விதம் சரியா? கணக்குப் போட்டு, படம் போட்டு, இன்னது இப்படி ஆகும்னு எனக்கு உறைக்கற மாதிரி சொன்னாளா? இல்ல. சும்மா வந்து வந்து நின்னா. உறைக்கற மாதிரி சொல்லலைன்னா சொல்லாத மாதிரிதானே? அப்ப எனக்குத் தெரியாதுங்கறது உண்மைதானே? இதைத்தான் அவ வாயால சொல்லச் சொல்றேன். வேறென்ன கேக்கறேன்?

என் சம்சாரம் இதையே வேற மாதிரி சொல்றா. "நீங்க காது குடுக்கறேன்னு சொல்லிட்டு எல்லாருக்கும் வாயைத்தான் குடுக்கறீங்க"ங்கறா. வீட்டுக்கு வீடு வாசப்படி, அதை விடுங்க.

ஆமாங்க, தீபாவளி. வெண்ணெ திரண்டு வர்ற நேரத்துல தாழி ஒடஞ்ச கதை. தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஊருக்குப் போற கூட்டம் கெளம்பின சாயங்காலம், நான் பெங்களூர்ல இருந்தேன். எனக்கு ஒரு விருது குடுத்தாங்க. செவிசாய்க்கும் தலைவர்ங்கறதுக்கான விருது. பேசப் போறதுக்கு முன்னாடி போனை அணைச்சுட்டேன். பேச்சுல மொதப் பாயிண்டே அதுதான், அடுத்தவங்க பேசறப்ப போனை அணைச்சு வைங்கன்னு. பேசினது என்னவோ நான்தான், ஆனாலும் ஒரு முன்மாதிரி வேணுமில்ல? கீழ எறங்கி, எல்லாரோடயும் போட்டோ எடுத்து, சாப்பிட்டு முடிச்சுட்டுப் போனைப் போடறேன், மிஸ்டு காலா வந்து விழுது. சேர்மன், பஸ் முதலாளிங்க, ஆபீஸ்.

காந்திபுரத்துல ஒரே சீட்டுக்கு ரெண்டு பேர், சில பஸ்ல மூணு பேர். துணிமூட்டையும் பட்டாசுப் பெட்டியுமா ஜனம் ரோட்டுல நிக்குது. அடிதடி. பஸ் கண்ணாடி ஒடஞ்சுது. மதுரையிலயும் திருச்சியிலயும் இதே கதை. நம்ம ஆபீஸ்ல இருந்து அங்க போனவ செண்பா ஒருத்திதான். யாரும் போகச் சொல்லல. ஸ்டூல் மேல ஏறி நின்னு, பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வயசானவங்களையும் பிள்ளைத்தாச்சிங்களையும் மொதல்ல ஏத்திவிட்டிருக்கா. பஸ் முதலாளிங்க காலைப் பிடிக்காத குறையா கெஞ்சி, நாலஞ்சு வண்டி சேத்து வரவழைச்சிருக்கா. கூட்டத்துல எவனோ "இவதான்டா அந்தக் கம்பெனி"ன்னு பாட்டிலை வீசிட்டான். நெத்தியில தையல்.

எனக்கு மனசு கேக்கல. உடனே ஒரு கிலோ மைசூர்பா வாங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டா சார்! நீங்களே சொல்லுங்க, இது மரியாதையா? நேர்ல போயிருக்கலாம்தான். அந்த வாரம் பத்திரிகைக்காரங்களுக்குப் பதில் சொல்லவே நேரம் பத்தல. அடுத்து வந்தது ராஜினாமா. ஏத்திவிட்ட ஏணியை எட்டி ஒதைக்கறதுன்னு சொல்வாங்களே, அதேதான். இப்ப அந்தப் பூட்டைச் சரிபண்ணக்கூட ஆளில்ல, அவளுக்குத்தான் அது முழுசாத் தெரியும். அதான் இன்னிக்கு நீங்களும் நானும் பதினொண்ணு.

டீக்கு நிறுத்தினப்ப நீங்க எறங்கி அந்தப் பக்கம் முன்னாடி சீட்டு காலியான்னு கண்டக்டர்கிட்ட விசாரிச்ச மாதிரி இருந்துச்சு? இல்லீங்களா? சரி, சரி. எனக்குத்தான் அப்படிப் பட்டுச்சு.

சாத்தூர் வந்துருச்சா? அடுத்தது கோவில்பட்டிதான். உண்மையைச் சொல்றேன், பயமா இருக்கு சார். பாத்துப் பாத்துக் கட்டின பேரு. காலேஜ்ல அந்தப் பசங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுவாங்க தெரியுங்களா, அந்தச் சத்தம் இல்லாம எனக்கு இருக்கத் தெரியாது. அவ மட்டும் மாட்டேன்னுட்டா, திங்கக்கெழமையோட நான் யாருமே இல்ல. அவ அப்பா அம்மா கால்ல விழுந்தாவது...

இருங்க. போன். அவதான்! செண்பாதான்! நான் வர்றது யார் சொல்லியிருப்பாங்க?

ஹலோ, செண்பா! எப்படிம்மா இருக்கே? நெத்தி ஆறிருச்சா? நான் உன்னைப் பாக்கத்தான் வந்துட்டே இருக்கேன், சாத்தூர்ல இருக்கேன்... ஏன் வரவேண்டாங்கறே? அட, நான் ஒண்ணும் திட்ட வரலம்மா... என்னது? சேர்மன் கூப்பிட்டாரா? எப்ப?... இன்னிக்குக் காலையிலயா?... பேசிட்டியா? என்ன சொன்னே?... மறுபடி சொல்லு... மறுபடி ஒரு தடவை சொல்லும்மா... செண்பா, நீ நல்லா இருப்பேம்மா! உனக்கு எங்க வேலை வேணும், சொல்லு, அமெரிக்காவுல வேணுமா?... ஹலோ? ஹலோ?

வெச்சுட்டா. பரவாயில்ல. சார், கையைக் குடுங்க! பொழச்சேன் சார், பொழச்சேன்! சேர்மன் காலையிலயே அவளைப் போன்ல பிடிச்சிருக்கார். "தண்டபாணிக்குத் தெரியுமா"ன்னு கேட்டிருக்கார். இவ என்ன சொல்லியிருக்கா தெரியுங்களா? "சாருக்குத் தெரியாதுங்க ஐயா"ன்னு சொல்லியிருக்கா. நான் கேக்கறதுக்கு முன்னாடியே! நான் வாயைத் தெறக்காமலே! இதுதான் சார் வளத்த பாசம். இதுதான் தலைமை. மத்தவங்களா இருந்தா பணத்தைக் காட்டி, பதவியைக் காட்டிச் சொல்ல வெக்கணும். நம்ம பொண்ணு தானாச் சொல்லியிருக்கா. இந்தக் கதையை அடுத்த காலேஜ்ல...

மறுபடி போன். சேர்மன். பாத்தீங்களா, நல்ல சேதி வந்தா வரிசையா வரும்.

வணக்கம்ங்கய்யா! இப்பத்தான் செண்பா... சொல்லுங்கய்யா... ஆமாங்கய்யா, தெரியாதுன்னுதான் சொன்னா, அதுதானுங்க உண்மை... என்னங்கய்யா?... இல்லீங்கய்யா, நான் சொல்றதைக் கொஞ்சம்... ஐயா, நான் சொல்ல வர்றதைக் கொஞ்சம் கேளுங்க... திங்கக்கெழமை நான் நேர்ல வந்து... வர வேண்டாமா?... ஐயா... ஐயா...

தண்ணி இருக்குங்களா? கொஞ்சம் குடுங்க.

போயிருச்சு சார். எல்லாம் போயிருச்சு.

அவர் செண்பாகிட்ட, "நீ அவன்கிட்டச் சொன்னியாம்மா?"ன்னு கேட்டிருக்கார். "நாலு தடவை சொன்னேங்க"ன்னிருக்கா. "அப்ப அவனுக்குத் தெரியும்தானே?"ன்னிருக்கார். "இல்லீங்கய்யா, தெரியாது. பொய் சொல்லக்கூடாதுல்ல. சொன்னதுல ஒண்ணுகூட அவர் காதுக்குள்ள போகல. அவரைக் குத்தம் சொல்லாதீங்க, அவருக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாது"ன்னிருக்கா. எனக்காகப் பரிஞ்சுதான் பேசியிருக்கா சார்! ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல!

அதுக்கு அந்த மனுஷன் என்கிட்டச் சொல்றார்: "தண்டபாணி, தெரிஞ்சே துணிஞ்சு தொறந்திருந்தீங்கன்னா, தொழில்ல ஆனைக்கும் அடி சறுக்கும்னு விட்டிருப்பேன். நானும் எத்தனையோ தடவை தெரிஞ்சே துணிஞ்சு கையைச் சுட்டுக்கிட்டவன்தான். எதுத்தாப்புல நின்னு நாலு தடவை சொல்லியும் தெரியலைன்னா, அப்படி ஒரு ஆளை வெச்சுட்டு நான் ஒரு டீக்கடைகூட நடத்த முடியாது. திங்கக்கெழமை நீங்க வர வேண்டாம், உங்க சாமானை வீட்டுக்கு அனுப்பிடறோம்." கம்ப்யூட்டர்ல ஆனா ஆவன்னா தெரியாத ஆளு சார்!

நான் கேக்கப் போனதைத்தானே அவ சொன்னா? அச்சு அசலா அதேதானே? எங்க தப்பாச்சு? சொல்லுங்க, எங்க தப்பாச்சு?

என்ன சார், நீங்களும் செண்பா மாதிரியே பாக்கறீங்க?

கோவில்பட்டியா? கண்டக்டர், எறங்கணும், எறங்கணும்! அவ வர வேண்டாம்னாத்தான். போகாம எப்படிங்க? இனி இவ ஒருத்திதான் என்னைக் காப்பாத்த முடியும். நேரா வீட்டுக்குப் போறேன். சேர்மனுக்கு மறுபடி போன் போடச் சொல்றேன். சாருக்கு எல்லாம் தெரியும், நாலு தடவையும் நல்லாக் கேட்டார், ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சுது, தெரிஞ்சேதான் தொறந்தார்னு அடிச்சுச் சொல்லச் சொல்றேன். உண்மையைத்தானே சார் சொல்லச் சொல்றேன்? உண்மையைச் சொல்றதுக்கு அந்தப் பொண்ணுக்கு என்ன கஷ்டம்?